ஆவுடைக்கு அரை மாத்திரை

செப்டம்பர் 4, திங்கள்

ஞானசெல்வம் சிஸ்டர் இன்று ஓர் அட்டவணை கொடுத்துவிட்டுப் போனார். இடது ஓரத்தில் மணி, மேலே மாத்திரையின் பெயர், நடுவில் கட்டங்கள். கடைசிக் கட்டத்துக்குப் பெயர் ‘குறிப்பு’. அது கட்டைவிரல் நகம் அளவுக்குத்தான் இருக்கிறது. அதில் கொள்ளாததை எழுத இந்த நோட்டை எடுத்திருக்கிறேன்.

எனக்கு எழுபத்தெட்டு வயது. வானிலை ஆய்வுக்கூடத்தில் முப்பத்துநான்கு வருடம் அப்சர்வராக இருந்தேன். வெப்பமானி, மழைமானி, காற்றுமானி மூன்றையும் குறித்த நேரத்தில் பார்த்து எழுதுவது வேலை; மழைக்கணக்கு காலை எட்டரைக்கு. சேர்ந்த அன்று என் மேலதிகாரி இரண்டு விதிகள் சொன்னார். பார்க்காததை எழுதாதே. எழுதியதை அழிக்காதே, தவறு என்றால் ஒற்றைக் கோடு போட்டு அடி, அடித்ததும் படிக்கும்படி இருக்கட்டும். பணியில் இருந்தவரை இரண்டையும் மீறியதாக நினைவில்லை.

வடிவுக்குப் பார்க்கின்சன் நோய் வந்து ஆறு வருடமாகிறது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. வீட்டுக்கே வந்து கவனிக்கும் செவிலியராக ஞானசெல்வம் சிஸ்டர் திங்களும் வியாழனும் வருகிறார். மஞ்சள் மாத்திரை லெவோடோபா. காலை ஆறு, பதினொன்று, மாலை நான்கு, இரவு ஒன்பது. அதுதான் வடிவை நடக்க வைப்பது. ஜூலையில் கை நடுக்கம் கூடியபோது டாக்டர் வெள்ளை மாத்திரை ஒன்றைச் சேர்த்தார். டிரைஹெக்சிபெனிடில், மூன்று வேளை. வயதைப் பார்த்துத் தயங்கித்தான் எழுதினார். நடுக்கம் குறைந்திருக்கிறது. வாய் மிகவும் வறள்கிறது.

“சார், மஞ்ச மாத்திரை சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால. பாலோட குடுத்திராதிய. பருப்பு, முட்டை ஒண்ணும் கூடச் சேரப்பிடாது. மாத்திரைய வேலை செய்ய விடாது. வெள்ளை, சாப்பாட்டுக்குப் பொறவு. மணி தப்பக் கூடாது.”

“தப்பாது சிஸ்டர்.”

“உங்களத் தெரியாதா? உங்க வீட்டுல மழைகூட எட்டரை மணிக்குத்தான் பெய்யும்.”

வடிவு சிரித்தாள். நோய் முகத்தை இறுக்கிவிட்டதால் அவள் சிரிப்பு இப்போது முகத்தில் தெரிவதில்லை. தொண்டையில்தான் கேட்கிறது.

செப்டம்பர் 6, புதன்

மதியம் வடிவு கட்டிலில் கால்களை மெல்ல ஒரு பக்கமாக ஒதுக்கிக்கொண்டாள். அவளால் அது எளிதில் முடிகிற காரியமில்லை.

“கால் வலிக்கிறதா?”

“இல்ல அத்தான். இடம் விடுதேன். அக்கா எவ்வளவு நேரமா நிக்கா.”

கட்டிலின் கால்மாட்டைப் பார்த்தேன். கொடியில் காயப்போட்ட துண்டு, அதற்குப் பின்னால் சன்னல். வேறு ஒன்றும் இல்லை.

அக்கா என்றால் ஆவுடை. வடிவின் கூடப்பிறந்தவள். என் முதல் மனைவி. இறந்து ஐம்பத்தோரு வருடமாகிறது. அதற்குப் பத்து மாதம் கழித்து மாமனார் வடிவை எனக்கே கட்டிவைத்தார். அதனால்தான் வடிவு இன்றும் என்னை அத்தான் என்று கூப்பிடுகிறாள்.

குறிப்புக் கட்டத்தில் ‘பகல் 2.10 - தெளிவாகப் பேசினாள்’ என்று எழுதினேன். தவறில்லை. தெளிவாகத்தான் பேசினாள்.

செப்டம்பர் 7, வியாழன்

சிஸ்டர் இரத்த அழுத்தம் பார்த்தார். படுக்க வைத்து ஒரு தடவை, நிற்க வைத்து ஒரு தடவை. மலச்சிக்கல் உண்டா, நீர் தடைப்படுகிறதா என்று கேட்டார். அப்புறம் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “இல்லாத ஆள் யாரும் தெரியுதாங்களாம்மா?” என்று வடிவிடமே கேட்டார்.

“இல்லாத ஆள் இல்ல. எங்க அக்கா.”

சிஸ்டர் என்னைப் பார்த்தார். நான் அட்டவணையைப் பார்த்தேன்.

அடுக்களைக்கு வந்து விளக்கினார். வெள்ளை மாத்திரை நடுக்கத்தை அடக்கும். ஆனால் வயதானவர்களுக்கு அது வாயை உலர்த்துகிற மாதிரியே மூளையையும் குழப்பும். பூச்சி தெரியும், பிள்ளைகள் தெரியும், செத்தவர்கள் தெரிவார்கள். அங்கிருந்தே டாக்டருக்குப் போன் செய்தார். உத்தரவு: வாரத்துக்கு ஓர் அரை மாத்திரை வீதம் குறைத்து, ஆறாவது வாரத்தில் முழுவதும் நிறுத்த வேண்டும்.

“பட்டுனு நிறுத்திராதிய சார். ஒரேயடியா நிறுத்துனா மரக்கட்டை மாதிரி ஆயிருவாவ. ராத்திரி மாத்திரையில பாதிய இன்னையிலிருந்து எடுத்திருங்க. அடுத்த வாரம் மத்தியானத்துல பாதி. அப்படியே.”

“குறைத்தால் வேறு ஏதும் ஆகுமா?”

“மெல்லக் கொறைச்சா ஒண்ணும் ஆவாது.”

“நிச்சயமாகவா?”

“சார், நீங்க என்னிக்காவது மழை நிச்சயமா வரும்னு சொல்லி வந்திருக்கா?”

அப்சர்வர்கள் முன்னறிவிப்புச் சொல்வதில்லை என்று பதில் சொல்ல நினைத்தேன். அதற்குள் அவர் செருப்பைப் போட்டுக்கொண்டார்.

செப்டம்பர் 8, வெள்ளி

மருந்துக் கடையில் மாத்திரை கட்டர் வாங்கினேன். சிறிய டப்பி, மூடியில் பிளேடு. மாத்திரையை உள்ளே வைத்து மூடினால் இரண்டாகும்.

இரவு வேளைக்கு வைத்துப் பார்த்தேன். மாத்திரையின் நடுக்கோடு பிளேடுக்கு நேராக நிற்கவில்லை. திருப்பி வைத்தேன். என் கை சரியில்லை. கோணலாக வெட்டி ஒரு பக்கம் கூடிவிட்டால்? இன்று முழு மாத்திரையே கொடுத்தேன். நாளை பகல் வெளிச்சத்தில் வெட்டி வைத்துக்கொள்ளலாம்.

செப்டம்பர் 9, சனி

வெளிச்சம் நன்றாக இருந்தது. மாத்திரையை வைத்தேன். மூடியின் மேல் விரலையும் வைத்தேன்.

நான் முன்பு ஒரு தடவை ஒருவருக்கு மாத்திரையைக் குறைத்திருக்கிறேன்.

செப்டம்பர் 10, ஞாயிறு

வெப்பம் 37. மேற்கே கொஞ்சம் மேகம். வடிவுக்குக் கேழ்வரகுக் கூழ். இரவுக் கட்டத்தில் ‘அரை’ என்று எழுதினேன். முந்தைய மூன்று இரவுகளுக்கும் அப்படியே எழுதினேன்.

செப்டம்பர் 11, திங்கள்

சிஸ்டர் அட்டவணையைப் பார்த்து, “அச்சடிச்ச மாதிரி இருக்கு. எங்க டிரெய்னிங்குல உங்களக் கூட்டிட்டுப் போயி உக்கார வைக்கணும்” என்றார். நான் அட்டவணையை வாங்கி மடித்து வைத்தேன்.

செப்டம்பர் 14, வியாழன்

இன்று கேட்காமல் இருந்திருக்க வேண்டும். கேட்டேன்.

“அக்கா எப்படி இருக்கிறாள்?”

“அப்படியேதான் இருக்கா. நமக்குத்தானே வயசாவும்.”

“என்ன செய்கிறாள்?”

வடிவு கால்மாட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கண் சிமிட்டுவதும் குறைந்துவிட்டது. பிறகு தன் வலது கையைத் தூக்கி, உள்ளங்கையை மேலே விரித்துக் காட்டினாள். வெகு நாள் கழித்து அந்தக் கை நடுங்காமல் நின்றது.

“இப்படி வச்சிருக்கா. மாத்திரை கேக்கா.”

நான் எழுந்து போய்ச் செம்பருத்திச் செடிக்குத் தண்ணீர் ஊற்றினேன். காலையில் ஏற்கெனவே ஊற்றியிருந்தேன்.

வடிவுக்கு எதுவும் தெரியாது. அப்போது அவளுக்குப் பதினேழு வயது. அக்காவின் மசக்கைக்கு உதவியாக வந்து எங்கள் வீட்டில் இருந்தாள், அவ்வளவுதான். மாத்திரை என்ற சொல்லை அவள் எங்கிருந்து எடுத்தாள்? நாளெல்லாம் அவள் காதில் விழுவது அந்தச் சொல்தானே, அதனால் இருக்கும்.

செப்டம்பர் 15, வெள்ளி

அட்டவணைப்படி இரண்டாவது வாரம். நேற்றிலிருந்து மதியக் கட்டத்திலும் ‘அரை’.

கட்டரை வெந்நீரில் கழுவி வைத்தேன். அழுக்கு இல்லை.

செப்டம்பர் 18, திங்கள்

“இன்னும் தெரியுதா?” என்று சிஸ்டர் கேட்டார். முன்பைவிட அதிகமாகத் தெரிகிறது என்றேன். உண்மை. வடிவு இப்போது அவளிடம் பேசுகிறாள். “இரு, அத்தான் போவட்டும்” என்று நேற்று சொன்னது என் காதில் விழுந்தது.

சிஸ்டர் அட்டவணையை இரண்டு தடவை புரட்டினார். “ரெண்டு அரை கொறைச்சும் கூடுதுன்னா... எனக்குப் பிடிபடலியே. நடையும் முன்ன மாதிரி இல்ல.”

அதுவும் உண்மை. பதினொரு மணி மாத்திரைக்குப் பிறகு அரை மணியில் எழுந்து அடுக்களைவரை வருவாள். நான்கு நாட்களாக வரவில்லை. மதியச் சோற்றை நான்தான் ஊட்டுகிறேன். பதினொரு மணிக்கு நானே கையில் மாத்திரையைக் கொடுத்து, தண்ணீர் கொடுத்து, குக்கர் மூன்று சத்தம் போட்டதும் போய் இறக்குகிறேன். நேரம் தப்பவில்லை. ஏன் என்று புரியவில்லை.

செப்டம்பர் 19, செவ்வாய்

ஒன்றும் விசேஷமில்லை.

செப்டம்பர் 21, வியாழன்

சிஸ்டர் டாக்டரிடம் பேசிவிட்டு வந்திருந்தார். வெள்ளை மாத்திரையைக் குறைத்தும் உருவங்கள் போகவில்லை. அப்படியானால் அதன் மேல் குற்றமில்லை, அதை இனிக் குறைக்க வேண்டாம், மஞ்சளால்தான் வருகிறது என்று டாக்டர் நினைக்கிறார். திங்கட்கிழமை முதல் மஞ்சளைப் பாதியாகக் குறைத்து, உருவங்களை அடக்கப் புதிதாக வேறொரு மாத்திரை.

“மஞ்சளைக் குறைத்தால் நடை?”

“போயிரலாம் சார். மனசைத் தெளிய வைக்கணும்னா வேற வழியில்லைங்காவ. நீங்க எழுதிக் குடுத்தத வச்சுத்தானே அவுக முடிவு செய்ய முடியும்?”

“சரி சிஸ்டர்” என்றேன்.

சரி சிஸ்டர் என்றேன்! அந்த இடத்தில் சொல்லியிருக்கலாம். வாயைத் திறந்தேன். அந்த இரண்டு சொல்தான் வந்தது.

மாலையில் வடிவு தூங்குகிறாள். இதை எழுதிவிடுகிறேன். யாரும் படிக்கப்போவதில்லை, என்றாலும் எழுதாத பதிவு பதிவில்லை.

ஆவுடைக்கு வலிப்பு உண்டு. பெண் பார்த்தபோது சொல்லவில்லை. கல்யாணமாகி மூன்றாம் மாதம் அடுக்களையில் விழுந்து கிடந்ததைப் பார்த்தேன். தெளிந்ததும் அவள் தன் டிரங்குப் பெட்டியிலிருந்து ஒரு தகர டப்பாவை எடுத்துக் காட்டினாள். சின்ன வெள்ளை மாத்திரைகள். பினோபார்பிடோன். எட்டு வயதிலிருந்து தின்கிறாளாம். “அத்தைக்குத் தெரிஞ்சா என்னை எங்க வீட்டுல கொண்டுபோய் விட்டிருவாவ” என்று காலைப் பிடித்தாள். நான் அம்மாவிடம் சொல்லவில்லை. மாதா மாதம் வேறு ஊர்க் கடையில் வாங்கி வந்து டப்பாவை நிரப்பினேன். இரண்டு வருடம் அவளுக்கு ஒரு வலிப்புகூட வரவில்லை. அந்த இரண்டு வருடம் என்னைப் பற்றி எனக்கே நல்ல எண்ணம் இருந்தது.

அவள் உண்டானாள். எனக்குப் படிக்கிற பழக்கம். நூலகத்தில் தடித்த ஆங்கில மருத்துவப் புத்தகம் ஒன்றில் அந்த மாத்திரையைத் தேடிப் பார்த்தேன். கருவிலுள்ள குழந்தையின் உருவம் கெடக்கூடும் என்று ஒரு வரி இருந்தது. டாக்டரிடம் கேட்டிருக்க வேண்டும். ஆனால் ஆவுடையை டாக்டரிடம் கூட்டிப்போகிறவள் என் அம்மா. கேட்டால் தெரிந்துவிடும். நானே முடிவு செய்தேன். ஒரு திங்கட்கிழமை மாத்திரையை நிறுத்தினேன். பாதியாக்கவில்லை. கால்வாசியாக்கவில்லை. நிறுத்தினேன்.

வெள்ளிக்கிழமை காலையில் ஆரம்பித்தது. ஒன்று நிற்பதற்குள் அடுத்தது. ஆஸ்பத்திரியில் பகல் 2.10க்கு உயிர் போனது. வயிற்றில் ஆறு மாதம். பேறுகால வலிப்பு என்று எழுதிக் கொடுத்தார்கள். நான் மறுத்துச் சொல்லவில்லை.

ஒரு வருடம் கழித்து அந்த நூலகத்துக்குப் போனேன். அதே புத்தகம். நாற்பத்தோரு பக்கம் தள்ளி, வலிப்பு மாத்திரை எதையும் திடீரென நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் ஓயாத வலிப்பு வந்து உயிர் போகலாம் என்று இருந்தது. நான் அந்தப் பக்கத்தைத் திருப்பியிருக்கவில்லை.

அதனால்தான் என் கை கட்டரை மூட மறுக்கிறது. இது காரணம்தான். நியாயமாகாது என்பதும் தெரிகிறது.

செப்டம்பர் 23, சனி

இரண்டு நாள் இருக்கிறது.

செப்டம்பர் 24, ஞாயிறு

ஒரு நாள்.

செப்டம்பர் 25, திங்கள்

காலை பத்துக்கு சிஸ்டர் புதிய மாத்திரையோடு வந்தார். வடிவை நாற்காலியில் உட்கார வைத்துவிட்டுப் படுக்கையை மாற்றினார். தலையணை உறையை உதறியபோது தரையில் மணி உருளுகிற சத்தம் கேட்டது. மஞ்சள் மாத்திரைகள். சில வியர்வை பட்டுப் பிசுபிசுத்துக் கிடந்தன. சிஸ்டர் குனிந்து பொறுக்கினார். பதினொன்று.

“சார், இது என்னது?”

எனக்குப் புரியவில்லை. ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்தேன்.

“பதினோரு மாத்திரை அம்மா வயித்துக்குள்ள போவல. நடை குறையாம என்ன செய்யும்? நீங்க நின்னு குடுக்கலியா?”

“குக்கர்...” என்றேன்.

“அத்தானை ஏசாதிய சிஸ்டர்” என்றாள் வடிவு. “நான்தான் எடுத்து வச்சேன். அக்காவுக்கு.”

“உங்க மாத்திரைய எதுக்கும்மா அவுகளுக்கு?”

“கேக்காள்லா. தெனமும் கேக்கா. குடுத்தா வாங்க மாட்டேங்கா. கையையும் மூட மாட்டேங்கா. அதான் தலைமாட்டுல வைக்கேன், அவளா எடுத்துக்கிடட்டும்னு.” மூச்சு வாங்கிக்கொண்டாள். “அன்னிக்குத்தான் குடுக்கல. இப்பவாவது குடுக்கலாம்லா?”

“என்றைக்கு?” என்று கேட்டது நான்தான்.

“நீங்க மாத்திரைய நிறுத்துனியள்லா அத்தான், அன்னிக்கு.”

சிஸ்டர் படுக்கை விரிப்பைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

வடிவு என்னைப் பார்த்துப் பேசவில்லை. கால்மாட்டைப் பார்த்தே பேசினாள். குரல் இப்போதெல்லாம் தேய்ந்துதான் வருகிறது; நான் பக்கத்தில் போய்க் குனிந்து கேட்டேன்.

“டப்பாவைச் செம்புக்குள்ள போட்டுப் பரண்ல வைடீன்னு எங்கிட்டத்தான் தந்திய. அக்கா கேட்டாலும் குடுக்கப்பிடாது, புள்ளைக்கு ஆவாதுன்னிய. வியாழக்கெழமை சாயங்காலம் அக்கா அடுக்களையில வந்து கையை நீட்டுனா. ‘ஏட்டி, கண்ணு முன்னால மினுக்கு மினுக்குங்கு. எனக்குத் தெரியும், வரப்போவுது. ஒண்ணே ஒண்ணு எடுத்துத் தாடி’ன்னா. அத்தான் ஏசுவாவன்னேன். ‘அவுகளுக்குத் தெரியாமத் தா’ன்னா. முக்காலி போட்டா எட்டும். நான் குடுக்கல.”



எனக்கு நினைவில்லை. செம்பு நினைவில்லை. அவள் கையில் டப்பாவைக் கொடுத்தது நினைவில்லை. அந்த வாரத்தின் வெப்பநிலைகள்கூட நினைவிருக்கின்றன. ஒரு பதினேழு வயதுப் பெண்ணின் கையில் அதைக் கொடுத்து, கொடுக்காதே என்று சொன்னது மட்டும் எங்கும் இல்லை. இத்தனை நாளாக அந்தக் கை என்னை நோக்கி நீட்டப்பட்டது என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அது கேட்டது வடிவிடம்.

“ஏன் என்னிடம் சொல்லவில்லை?”

“நீங்க சொன்னியளா?” என்றாள்.

அதன் பிறகுதான் நான் சிஸ்டரிடம் சொன்னேன். வெள்ளை மாத்திரையை ஒரு நாள்கூடக் குறைக்கவில்லை. அட்டவணையில் உள்ள அரைகளெல்லாம் பொய். சிஸ்டர் அட்டவணையை எடுத்தார். மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கட்டமாகப் பார்த்தார். நான் பள்ளிக்கூடப் பையன் மாதிரி நின்றேன்.

“சார், இன்னைக்கு நான் மஞ்சளப் பாதியாக்கிட்டுப் போயிருந்தா அம்மாவை நீங்க பொறவு கட்டில விட்டு எறக்கியிருக்கவே முடியாது. தெரியுமா?”

“தெரியும்.”

“தெரிஞ்சுமா எழுதுனிய?”

“ஆமாம்.”

“நல்ல மனுசம்யா நீங்க! வேற யாராவது எழுதியிருந்தா நாலு தடவை சரிபார்த்திருப்பேன். உங்க கையெழுத்தப் பார்த்து ஏமாந்துட்டேன்.” போனை எடுத்துக்கொண்டு முற்றத்துக்குப் போனார். டாக்டரிடம் நெடுநேரம் பேசினார். அவர் திட்டு வாங்குவது தெரிந்தது. என் பெயரைச் சொல்லவில்லை; “வீட்டுல குடுக்கதுல ஒரு கொழப்பம் டாக்டர், நான் கவனிக்கல” என்றுதான் சொன்னார்.

திரும்பி வந்து புதிய மாத்திரையைத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். மஞ்சள் பழையபடி. வெள்ளை இன்றிலிருந்து குறையும். “என் கண் முன்னால ஒண்ணை வெட்டுங்க” என்றார்.

கட்டரில் மாத்திரையை வைத்தேன். விரல் அசையவில்லை. வடிவு நாற்காலியிலிருந்து கையை நீட்டினாள், நடுங்குகிற கை. அதை என் விரல் மேல் வைத்தாள். அவள் அழுத்தினாளா, நடுக்கமே அழுத்தியதா, தெரியவில்லை. ‘டக்’ என்றது. இரண்டு பாதி. ஒன்று கொஞ்சம் பெரிது.

“உன் பங்கை நீ சாப்பிடு வடிவு” என்றேன். “வெட்டியதில் மிச்சம் இருப்பதை அவளுக்கு நான் கொடுக்கிறேன். அது நான் கொடுக்க வேண்டியது.”

சிஸ்டர் கட்டரைத் திறந்தார். பாதியை என் கையில் வைத்தார். நான் கால்மாட்டுக்குப் போய், துண்டுக்கும் சன்னலுக்கும் நடுவே காற்றில் கையை நீட்டினேன். படித்தவன். இருந்தாலும் நீட்டினேன்.

“இன்னும் கொஞ்சம் கீழ அத்தான். அவ உயரத்துக்கு.”

தாழ்த்தினேன். ஆவுடை என் தோள் வரைதான் இருப்பாள். அதுவும் மறந்து போயிருந்தது.

செப்டம்பர் 26, செவ்வாய்

அட்டவணையில் பொய்யாக எழுதிய ‘அரை’ ஒவ்வொன்றையும் ஒற்றைக் கோடு போட்டு அடித்தேன். இருபத்தொன்பது. பக்கத்தில் ‘ஒன்று’ என்று எழுதிக் கையெழுத்திட்டேன். அடித்ததெல்லாம் நன்றாகப் படிக்க முடிகிறது.

குக்கரைக் காலை ஒன்பதுக்கே வைத்துவிட்டேன். பதினொரு மணி மாத்திரை வடிவின் தொண்டைக்குள் போகும்வரை நின்றேன். “ஆ காட்டு” என்றேன். “பல் டாக்டருக்குப் படிக்கியளோ?” என்றாள்.

செப்டம்பர் 30, சனி

அடுக்களைவரை நடந்து வந்தாள்! சுவரைப் பிடித்துக்கொண்டுதான். ரசத்தில் உப்பு கூடிவிட்டது என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அக்டோபர் 5, வியாழன்

வெட்டிய பாதிகளை அவளுக்குக் காட்டிய பின் ஒரு சின்னச் சீசாவில் போட்டு வைக்கிறேன். சிஸ்டர் வியாழன்தோறும் எண்ணி எடுத்துப்போய் அப்புறப்படுத்துகிறார். “உங்க அக்காவுக்குள்ள பாக்கியெல்லாம் சரியா இருக்கு” என்று வடிவிடம் சொல்கிறார். கணக்கு இதுவரை தப்பவில்லை.

கை நடுக்கம் சற்றுக் கூடியிருக்கிறது. வாய் வறட்சி குறைவு. இரவில் நன்றாகத் தூங்குகிறாள்.

அக்டோபர் 12, வியாழன்

மதியம் நான் கையை நீட்டி நின்றேன். வடிவு திடீரென்று, “கையை மூடிட்டா அத்தான்” என்றாள்.

“யார்?”

“வேற யாரு? மூடிட்டா. பாத்தியளா, முகத்த...”

என்னால் பார்க்க முடியவில்லை. எப்படி இருந்தது என்று கேட்டேன். வடிவு சொல்லவில்லை. அழுதாள். இந்த நோயில் முகம் அழாது. கண்ணீர் மட்டும் வழியும். துண்டை எடுத்துத் துடைத்தேன்.

அக்டோபர் 17, செவ்வாய்

முதல் மழை. காலை எட்டரைவரை 14 மில்லிமீட்டர். பழைய எவர்சில்வர் டம்ளரும் அளவுகோலும்தான். துல்லியம் என்று சொல்ல முடியாது.

அக்டோபர் 19, வியாழன்

ஆவுடை இப்போது கட்டிலுக்கு வருவதில்லையாம். வாசல் நிலையருகே நிற்கிறாளாம், முதுகு காட்டி. நான் வாசல்வரை போய்க் கையை நீட்டினேன். பால்காரர் பார்த்துவிட்டு, “என்ன சார், மழை விட்டாச்சான்னு பாக்கியளா?” என்றார். ஆமாம் என்றேன். அடித்து எழுத முடியாத பொய்.

அக்டோபர் 24, செவ்வாய்

வடிவு கேட்டாள்: “இந்த மாத்திரை தீந்ததும் அக்கா வர மாட்டாளோ?”

“சிஸ்டர் அப்படித்தான் சொல்கிறார்.”

வாசலைப் பார்த்தாள். “அவ வந்தப்பம் பயந்தேன். இப்பம் போறாளேன்னு இருக்கு.”

எனக்கும் அப்படித்தான் இருந்தது. சொல்ல வாயெடுத்தேன். இந்தத் தடவை வந்தது. “எனக்கும்” என்றேன். அவள் தலையை மெதுவாக என் பக்கம் திருப்பினாள்.

அக்டோபர் 30, திங்கள்

இன்றிலிருந்து வடிவுக்கு வெள்ளை மாத்திரை இல்லை. நேற்று இரவு வெட்டிய கடைசி மாத்திரையின் ஒரு பாதி கட்டரிலேயே இருந்தது.

பகல் இரண்டு மணிக்கு வடிவை நாற்காலியில் உட்கார வைத்தேன். வெயில் நன்றாக அடித்தது. அந்தப் பாதியை எடுத்துக்கொண்டு, “எங்கே நிற்கிறாள்?” என்று கேட்டேன்.

வடிவு கட்டிலைப் பார்த்தாள். சன்னலைப் பார்த்தாள். வாசலைப் பார்த்தாள்.

“தெரியல அத்தான். வெயில்தான் தெரியுது.”

எனக்கு எங்கே போய் நிற்பது என்று தெரியவில்லை. கடைசியில் பழைய இடத்துக்கே, கால்மாட்டுக்குப் போனேன். அவள் உயரத்துக்குக் கையைத் தாழ்த்தி நீட்டினேன். நான் முதலில் சொல்ல வேண்டியதை ஒரு தடவையும் சொன்னதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. சொன்னேன். உரக்கச் சொல்லவில்லை. கண்ணை மூடிக்கொண்டிருந்தேன்.

“கை வலிக்கும். எடுங்க” என்றாள் வடிவு.

கண்ணைத் திறந்தேன். மணி 2.10. கையில் மாத்திரை இல்லை.

தரையில் தேடினேன். கண்ணாடி போட்டுக்கொண்டு தேடினேன். கட்டிலை நகர்த்தினேன். விரிப்பை உதறினேன், துண்டை உதறினேன், என் வேட்டி மடிப்பை உதறினேன். மூன்று மணிக்கு சிஸ்டர் வந்து, விளக்குமாற்றால் மூலை மூலையாகக் கூட்டினார். இரண்டு ஊக்கு, ஒரு பழைய மஞ்சள் மாத்திரை கிடைத்தன. அரை மாத்திரை கிடைக்கவில்லை. சீசாவை எண்ணினார். ஒன்று குறைந்தது.

“எறும்பு தூக்கிட்டுப் போயிருக்கும் சார்” என்றார். கொஞ்சம் கழித்து, “ஒங்க கைதான் நடுங்குதே” என்றும் சொன்னார். இரண்டும் இருக்கலாம். என் கை நடுங்கத்தான் செய்தது. சன்னலோரம் எறும்பு உண்டு.

“கிடைச்சிதா?” என்று வடிவு கேட்டாள். இல்லை என்றேன். அவள் தொண்டைக்குள் அந்தச் சிரிப்பு கேட்டது.

அட்டவணையின் கடைசி வரி. கட்டத்தில் ‘அரை - கொடுத்தது’ என்று எழுதினேன். யாருக்கு என்று எழுதவில்லை, நான் பார்க்கவில்லை. கொடுத்தது என்பதையாவது அடித்துவிட வேண்டுமா என்று பேனாவை அதன் மேல் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

அடிக்கவில்லை.